கேஷுவாலிட்டியில பரிவோட நர்ஸிங் பாக்குறது எப்படி: புதுசா போஸ்டிங் வர்றவங்களுக்கு முழு வழிகாட்டி

இது கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) புதுசா வர்ற ஸ்டாஃப் நர்ஸுங்களை மனசுல வெச்சு எழுதுனது, பிரைவேட்ல இருக்கவங்களுக்கும் முக்காவாசி பொருந்தும். வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏத்துற ஊசிக்குழாய்) போடுறது, ஈசிஜி எடுக்குறதெல்லாம் வர்றவங்களுக்கு ஓரளவு தெரிஞ்சுதான் இருக்கு, தடுமாறுறது வேற இடத்துல. "அன்பா பேச டைம் எங்க இருக்கு, ஒரே நேரத்துல மூணு 108 வந்து நிக்குது"ன்னு கேப்பாங்க. தனியா டைம் ஒதுக்கித்தான் பேசணும்னா சத்தியமா கிடைக்காது. ஆனா எப்படியும் செய்யப் போற வேலைக்குள்ளயே எங்க எதைச் சொல்லணும், எப்ப மறைப்பு ஸ்கிரீன் இழுக்கணும், யாரை எப்ப உள்ள விடணும்னு ஒரு வரிசை இருக்கு, அது கைக்கு பழகிட்டா கூடுதலா ஆகுறது செகண்டு கணக்குதான்.

1. டியூட்டி எடுத்ததும் எதெல்லாம் ரெடியா இருக்கணும்

கிராஷ் கார்ட் (அவசர மருந்து வண்டி), ஆக்சிஜன், சக்ஷன், அம்பு பேக் (கையால அமுக்கி மூச்சு கொடுக்குற பை) எல்லாம் செக் பண்ணித்தான் டியூட்டி எடுப்பீங்க. அதோட இன்னொரு ரவுண்டு போங்க. ஸ்கிரீன் எத்தனை இருக்கு, சக்கரம் ஓடுதா, மேல போத்த சுத்தமான பெட்ஷீட் இருக்கா, துணிய வெட்டிட்டா மாத்திவிட லுங்கியோ நைட்டியோ ரெண்டு இருக்கா, நகை பர்ஸ் போட்டு வைக்க கவர் இருக்கா, உட்கார வைக்க நாற்காலி இருக்கா. ஸ்கிரீன் ஸ்டோர் ரூம்ல கிடந்தா கேதீட்டர் (யூரின் டியூப்) போடுற நேரத்துல யாரும் போய் எடுத்துட்டு வரப்போறதில்ல, அப்படியே திறந்த இடத்துலயே நடந்துடும். பரிவு இல்லாம நடக்குற பாதி விஷயம் கெட்ட மனசால நடக்குறதில்ல, பொருள் பக்கத்துல இல்லாததால நடக்குது.

சி.டி. ஸ்கேன், லேப், பிளட் பேங்க், மருந்து கொடுக்குற இடம், பாத்ரூம் இதுக்கெல்லாம் வழி ஒரே வாக்கியத்துல சொல்ல பழகிக்கோங்க. "அந்தப் பக்கம் போங்க"ன்னு கை காட்டுனா ரத்த சாம்பிள கையில வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் மூணு பில்டிங் சுத்துவாரு, ரிசல்ட்டும் லேட்டாகும். சுவத்துல 108, மருத்துவ ஆலோசனைக்கான 104, பெண்களுக்கான 181, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் 14416, இலவச அமரர் ஊர்திக்கு 155377, ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட் போலீஸ் நம்பர் எல்லாத்தையும் பெருசா எழுதி ஒட்டிடுங்க.

2. முதல் நிமிஷம்: உயிர் முதல்ல, பேரும் கூடவே

மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். இந்த வரிசையை எந்த இரக்கமும் மாத்தக்கூடாது. அழுதுக்கிட்டு நிக்கிற அம்மாவைப் பாத்து இளகிப் போய் அவங்ககிட்ட பேச ஆரம்பிச்சிட்டு சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) பாக்காம விடுறது பரிவு கிடையாது.

ஆனா பேர் கேக்குறதுக்கு தனி நேரமே வேணாம். ட்ராலி உள்ள வரும்போதே தோளத் தொட்டு "ஐயா, நான் நர்ஸ் பேசுறேன், உங்க பேர் என்ன?"ன்னு கேளுங்க. பதில் சொன்னா மூச்சுப்பாதை திறந்திருக்கு, நினைவு இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும், அவருக்கும் தன்னை ஒரு ஆள் பாத்துட்டாங்கன்னு தெரிஞ்சிடும். ஒரே கேள்வியில ரெண்டு வேலை. வாய் கோணி, பேச்சு குளறி வந்தா கூட வந்தவங்ககிட்ட அடுத்த கேள்வி "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு?" அதை மறக்கவே கூடாது, ஸ்ட்ரோக்ல கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு.

வழக்கமா நடக்குற தப்பு: "அந்த ஆர்.டி.ஏ. (ரோடு விபத்து) கேஸ்", "மூணாம் பெட் பாய்சன்"னு அவங்க காதுபடவே கூப்பிடுறது. நமக்குள்ள வேகத்துக்கு வசதியா இருக்கும், படுத்திருக்கவருக்கு காது கேக்கும். இன்னொன்னு வா போன்னு பேசுறது. வேட்டி அழுக்கா இருந்தா "நீ", சட்டை இஸ்திரியா இருந்தா "நீங்க", இது நம்ம எல்லார் வாயிலயும் தானா வர்ற பழக்கம், கவனிச்சு மாத்துனாதான் மாறும். ஐயா, அம்மா, அண்ணே, தம்பி, பாப்பா எதுவேணா சொல்லிக்கோங்க, "நீங்க, வாங்க" மட்டும் விட்டுப்போகக் கூடாது.

3. தொடுறதுக்கு முன்னாடி சொல்லுங்க

ஒரே வாக்கியம் போதும். "அம்மா, கையில ஊசி போடப் போறேன், சுருக்குன்னு இருக்கும், கைய ஆட்டாதீங்க." சொல்லாம குத்துனா கைய இழுத்துக்குவாங்க, வெயின் போயிடும், மறுபடி குத்தணும். மூக்கு வழியா வயித்துக்குப் போற ரைல்ஸ் டியூப் போடும்போது எந்த இடத்துல முழுங்கணும்னு முன்கூட்டியே சொல்லிட்டா பாதி போராட்டம் இருக்காது. நினைவு இல்லாதவங்ககிட்டயும் சொல்லுங்க, கண்ணு மூடியிருக்கிற எல்லாரும் காது கேக்காதவங்க இல்ல.

துணி வெட்டுறது தனி விஷயம். அடிபட்டவங்களுக்கு உடம்பு முழுக்க பாத்தாகணும், அதனால வெட்டித்தான் ஆகணும். ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ஸ்கிரீன், பாத்து முடிச்சதும் உடனே பெட்ஷீட். மூடுறது மானத்துக்காக மட்டும்னு நெனச்சிடாதீங்க, ரத்தம் போன உடம்பு சில்லுன்னு ஆனா ரத்தம் உறையாது, ரத்தக்கசிவு இன்னும் கூடும். கத்திக்குத்து, துப்பாக்கிக் காயம் மாதிரி கேஸ்ல துணியில இருக்கிற ஓட்டை வழியா கத்திரிக்கோல விடாம தள்ளி வெட்டுங்க, துணிய பேப்பர் கவர்ல போட்டு எழுதி வைங்க, பாலித்தீன்ல போட்டா ஈரத்துல தடயம் கெட்டுடும்.

தாலிய கழட்டணும்னா கேட்டுட்டு கழட்டுங்க. "எக்ஸ்ரேக்கு கழுத்துல உலோகம் இருக்கக்கூடாதும்மா, உங்க பொண்ணு கையிலயே கொடுத்துடறேன், எடுத்து முடிச்சதும் போட்டுக்கலாம்"னு சொன்னா யாரும் மறுக்கிறதில்ல, கேக்காம கைய வெச்சா அதுக்கப்புறம் நீங்க என்ன பண்ணாலும் சந்தேகமா பாப்பாங்க. யார்கிட்ட கொடுத்தீங்க, எத்தனை உருப்படி, சாட்சி யாரு, இத்தனையும் நோட்ல எழுதி கையெழுத்து வாங்கிடணும். எழுதும்போது "தங்கச் செயின்"னு போடாதீங்க, "மஞ்சள் நிற உலோகச் செயின்"னு எழுதுங்க, தங்கமா இல்லையான்னு நமக்குத் தெரியாது.

4. வலியைக் கேளுங்க, திரும்பவும் கேளுங்க

0ல இருந்து 10 வரைக்கும் எவ்ளோ வலின்னு கேட்டா நம்ம ஊர் பெரியவங்க பல பேருக்கு புரியாது. "லேசாவா, தாங்குற மாதிரியா, தாங்கவே முடியலயா?"ன்னு கேளுங்க. சின்னப் பசங்களுக்கு முகப் படம் காட்டுங்க. கைக்குழந்தைக்கு ஊசி போடும்போது அம்மா மடியிலயே இருக்கட்டும், பால் குடிச்சிக்கிட்டே இருந்தா இன்னும் நல்லது, பெட்ல நாலு பேரு அமுக்கிப் பிடிக்கிறத விட இது வேகமாவும் முடியும்.

வயித்து வலிக்கு மருந்து போட்டா நோய் என்னன்னு மறைஞ்சிடும்னு பழைய பயம் ஒன்னு இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. வலி குறைச்சதால நோயை தப்பா கண்டுபிடிக்கிறது கூடல்லன்னு ஆராய்ச்சிகள் காட்டியாச்சு, அதனால டியூட்டி டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க. எலும்பு முறிவுக்கு அசையாம ஸ்பிளிண்ட் (கட்டை) வெச்சுக் கட்டுறதே பெரிய வலி நிவாரணம், எக்ஸ்ரே எடுத்துட்டு வரட்டும்னு காத்திருந்தா ட்ராலி ஒவ்வொரு மேடு பள்ளத்துலயும் அந்த ஆள் அலறிக்கிட்டே போவாரு. ஊசி போட்டு அரை மணி நேரத்துல திரும்ப போய் கேக்கணும், இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. கத்தாம படுத்திருந்தா வலி இல்லன்னு அர்த்தம் கிடையாது, சில பேரு கத்த தெம்பில்லாமதான் கிடப்பாங்க.

5. காத்திருக்கவங்களுக்கு காரணம் சொல்லுங்க

வந்தவங்கள அவசரத்தைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சதும் (இதுதான் ட்ரையேஜ்) பச்சைல இருக்கவருக்கு ஒரு கோபம் வரும், "எனக்கப்புறம் வந்தவன உள்ள கூட்டிட்டு போறாங்க"ன்னு. யார் முதல்ல வந்தாங்கன்னு இங்க பாக்குறதில்ல, யாருக்கு உயிர் ஆபத்து முதல்லன்னுதான் பாக்குறோம், உங்களுக்கு பிரஷர் பல்ஸ் எல்லாம் நல்லா இருக்கு அதனாலதான் உட்கார வெச்சிருக்கோம்னு சொல்லுங்க. அப்படியே "மூச்சு வாங்குனாலோ, தலை சுத்துனாலோ, வலி கூடுனாலோ உடனே என்னைக் கூப்பிடுங்க"ன்னும் சொல்லிடுங்க, பச்சை மஞ்சளாவும் மஞ்சள் சிவப்பாவும் மாறுறது இந்தக் காத்திருக்கிற நேரத்துலதான்.

"அஞ்சு நிமிஷத்துல டாக்டர் வந்துடுவாரு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. ஆறாவது நிமிஷத்துல இருந்து நீங்க பொய்யர். உள்ள பெரிய கேஸ் ஓடுது, நேரம் ஆகும், இடையில நான் வந்து பாத்துட்டுப் போவேன்னு சொல்லிட்டு நிஜமாவே போய்ப் பாருங்க.

6. கூட வந்தவங்க

ட்ராலியோட பத்து பேரு உள்ள வருவாங்க. "எல்லாரும் வெளிய போங்க"ன்னு கத்துனா பத்து பேரும் கத்துவாங்க. "இவர பத்தி நல்லா தெரிஞ்ச ஒருத்தர் என்கூட இருங்க, மத்தவங்க வாசல்ல நில்லுங்க, இவர்கிட்ட சொல்றேன் அவர் வந்து உங்களுக்கு சொல்வாரு"ன்னு ஒரே ஆளைப் பிரிச்சு எடுங்க. மாத்திரை, சுகர், அலர்ஜி, எப்ப சாப்பிட்டாரு இதெல்லாம் அந்த ஒருத்தர்கிட்டயே கேட்டுக்கலாம். புது விஷயம் எதுவும் இல்லாட்டியும் அரை மணிக்கு ஒரு தடவை வாசல் வரைக்கும் போய் "இப்ப ஸ்கேனுக்கு காத்திருக்கோம்"னு சொல்லிட்டு வாங்க. அடிதடி ஆகுற முக்காவாசி நேரம் சிகிச்சை தப்பாயிடுச்சுன்னு இல்ல, உள்ள என்ன நடக்குதுன்னே யாரும் சொல்லலன்னுதான். ஒருத்தர் குரல் ஏறுச்சுன்னா தனியா கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசுங்க, உங்க முதுகு வாசல் பக்கம் இருக்கட்டும். கை ஓங்குனா அதுக்கப்புறம் சமாதானம் உங்க வேலை இல்ல, செக்யூரிட்டியையும் அவுட்போஸ்ட்டையும் கூப்பிடுங்க, அதுக்குன்னே தமிழ்நாட்டுல 2008ல இருந்து தனிச் சட்டம் இருக்கு.

ரோட்டுல அடிபட்டவர யாரோ தெரியாத ஒருத்தர் தூக்கிட்டு வந்திருப்பாரு, சட்டையெல்லாம் ரத்தம். அவரைப் பிடிச்சு நிக்க வெச்சு பேர் அட்ரஸ் கேட்டு மிரட்டாதீங்க. 2019ல திருத்துன மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவுப்படி உதவி பண்ண வந்தவர் தன் பேரைச் சொல்லணும்னு கட்டாயமே இல்ல. எந்த இடத்துல, எத்தனை மணிக்கு, எப்படிக் கிடந்தாருன்னு அவரா சொல்ல விரும்புனா கேட்டுக்கோங்க, கை கழுவ இடம் காட்டுங்க, நன்றி சொல்லி அனுப்புங்க. விபத்து கேஸோட வீட்டாளுங்க முதல்ல பதறுறது காசுக்குத்தான், "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், காப்பீட்டு அட்டை இருக்கா இல்லையா, எந்த மாநிலத்துக்காரர்னு பாக்குறதில்ல, திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் உண்டு. இத அவங்க கேக்குற வரைக்கும் காத்திருக்காம நீங்களே சொல்லுங்க.

7. விஷம் குடிச்சு வர்றவங்க

கேஷுவாலிட்டியில நம்ம ஆளுங்க ரொம்ப மோசமா நடந்துக்கிறது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

பூச்சிமருந்து குடிச்சவர் வந்ததும் கிளவுஸ், ஏப்ரன் போட்டுக்கிட்டு துணிய முழுசா கழட்டி சோப்பு தண்ணியில உடம்பு, தலைமுடி, நகக்கண்ணு வரைக்கும் கழுவணும், மருந்து தோல் வழியாவும் ஏறிக்கிட்டே இருக்கும். மூச்சு திணறிக்கிட்டு வந்தா மூச்சும் அட்ரோபினும் (இந்த விஷத்துக்கான மாத்து மருந்து) முதல்ல, கழுவுறது அதோட சேர்ந்தே நடக்கட்டும். இதை ஸ்கிரீனுக்குள்ள பண்ணுங்க. அந்த வாடை, வாந்தி, கழிச்சல் எல்லாத்துக்கும் நடுவுல அவங்க வெக்கத்துல செத்துக்கிட்டு இருப்பாங்க.

வயிறு கழுவுறத தண்டனையா பண்ணாதீங்க. "பெரிய டியூப்பா போடு, அப்பதான் புத்தி வரும்"னு சொல்றத நான் காதால கேட்டிருக்கேன். டாக்டர் தேவைன்னு சொன்னாதான் அது, லேட்டா வந்தவங்களுக்கு பலனும் குறைவு, மூச்சுப்பாதை பாதுகாப்பு இல்லாம போட்டா வயித்துல இருக்கிறது நுரையீரலுக்குள்ள போயிடும். வீட்டுல உப்புத் தண்ணி, சாணித் தண்ணி கரைச்சு ஊத்திட்டு வந்திருந்தா அந்த அம்மாவ அங்க வெச்சு திட்டாதீங்க, என்ன கொடுத்தீங்க எவ்ளோ கொடுத்தீங்கன்னு மட்டும் கேளுங்க. திட்டுனா மறைப்பாங்க, மறைச்சா டாக்டருக்கு பாதி கதைதான் போகும். மருந்து டப்பா இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

அட்ரோபின் ஏத்துனதும் வாய் வறண்டு, கண்ணு விரிஞ்சு, பிதற்றிக்கிட்டு காத்துல எதையோ பிடிப்பாங்க. இத முன்கூட்டியே வீட்டாளுங்ககிட்ட சொல்லலன்னா "நல்லா பேசிக்கிட்டு வந்த புள்ளைய பைத்தியமாக்கிட்டாங்க"ன்னு கூட்டம் கூடும். "மருந்து வேலை செய்யுறப்ப இப்படி உளறுவாங்க, மருந்து குறைக்கக் குறைக்க தெளிஞ்சிடும்"னு சொல்லுங்க. தண்ணி கேப்பாங்க, கொடுக்கக் கூடாது, நனைச்ச காஸ் துணியில உதட்ட ஒத்தி விடுங்க. ரொம்ப ஆர்ப்பாட்டம் பண்ணா கை கட்டுறதுக்கு முன்னாடி காய்ச்சல் இருக்கா, யூரின் கட்டியிருக்கா, குடல் சத்தம் இருக்கான்னு பாத்து டாக்டருக்கு சொல்லணும், டோஸ் கூடிப் போயிருக்கலாம். கட்டித்தான் ஆகணும்னா டாக்டர் எழுதணும், துணி வெச்சு கட்டுங்க, விரல் நீலமாகுதான்னு அடிக்கடி பாருங்க.

ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடணும், போலீசுக்கு தகவல் போகும், அதை மறைக்காதீங்க. ஆனா ஜெயில்ல போட்டுடுவாங்கன்னு அவங்க நடுங்குறத தீத்து வைங்க. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115 தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்துல இருந்தாருன்னுதான் எடுத்துக்கச் சொல்லுது, 2024 ஜூலை 1ல வந்த பாரதிய நியாய சம்ஹிதாவுல பழைய 309 பிரிவே இல்ல. "ஏன் குடிச்ச?"ன்னு கேக்காம "இப்ப உங்க பக்கத்துல யார் இருந்தா நல்லா இருக்கும், யார் வரக்கூடாது?"ன்னு கேளுங்க. யாரால குடிச்சாங்களோ அவரே அட்டெண்டரா பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது அடிக்கடி நடக்கும். தனியா விடாதீங்க, பாத்ரூமுக்கும் கூட ஆள் போகணும். மனநல டாக்டர் பாக்காம டிஸ்சார்ஜ் ஆகாம பாத்துக்கோங்க.

8. குடிபோதை, ஊர் பேர் தெரியாதவங்க, பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க

குடிச்சிட்டு விழுந்து கிடந்தவர ஓரமா போட்டு "தெளியட்டும்"னு விடுறது ஆபத்து. முதல்ல ஜி.ஆர்.பி.எஸ். (விரல்ல குத்திப் பாக்குற சுகர்) பாருங்க, தலைய தடவிப் பாருங்க, கண்மணி ரெண்டும் சமமா இருக்கான்னு பாருங்க. சுகர் இறங்குனவரும் மண்டையில ரத்தம் கட்டுனவரும் அப்படியேதான் குளறுவாங்க. யாருன்னே தெரியாதவங்களுக்கு மச்சம், தழும்பு, பச்சை குத்துனது எல்லாம் எழுதி வைங்க, ஒரு வீட்டுல தேடிக்கிட்டு இருப்பாங்க. வடமாநிலத் தொழிலாளியா இருந்தா கூட வேலை செய்யுற ஒருத்தர போன்ல ஸ்பீக்கர்ல போட்டு பேச வைங்க, சத்தமா தமிழ்ல பேசுனா புரிஞ்சிடும்னு நெனைக்கிறது நம்ம கிட்ட இருக்கிற ஒரு விசித்திரம்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவங்கன்னா நேரா தனி ரூம், கூட ஒரு பெண் ஸ்டாஃப். எஃப்.ஐ.ஆர். இருந்தாதான் சிகிச்சைன்னு எதுவும் கிடையாது, உடனே இலவசமா பாத்தாகணும். நடந்தத ரிசப்ஷன்ல ஒருத்தர், ட்ரையேஜ்ல ஒருத்தர், ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) ஒருத்தர்னு திரும்பத் திரும்ப சொல்ல வைக்காதீங்க. ஒவ்வொரு பரிசோதனைக்கும் சம்மதம் கேக்கணும், வேணாம்னு சொன்னா அதுக்காக சிகிச்சை நிக்கக்கூடாது. இரண்டு விரல் பரிசோதனை கூடவே கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபர்ல திட்டவட்டமா சொல்லியிருக்கு, எங்கயாவது பழைய ஃபார்ம்ல அந்தக் கட்டம் இருந்தா நிரப்பாதீங்க.

9. இறந்ததைச் சொல்றது

சொல்ல வேண்டியது டாக்டர், ஆனா பக்கத்துல நிக்க வேண்டியது நீங்க. வரிசை இப்படி: முதல்ல யார் நெருங்குன சொந்தம்னு கேட்டு உறுதி பண்ணுங்க, அதே பேர்ல ரெண்டு பேஷண்ட் இருந்த நாள்லாம் உண்டு. தனியா ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போய் உட்கார வைங்க, நின்னுக்கிட்டு கேட்டா விழுந்துடுவாங்க. அவங்களுக்கு இதுவரைக்கும் என்ன தெரியும்னு கேளுங்க. அப்புறம் என்னென்ன பண்ணோம்னு ரெண்டு வரி, அதோட "அவர் இறந்துட்டாரு"ன்னு நேரா சொல்லணும். "சீரியஸ்", "கைய விட்டுட்டோம்", "ஒன்னும் சொல்றதுக்கில்ல" இப்படி சுத்தி வளைச்சா இன்னும் உயிர் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோகலாம்னு வண்டி தேட ஆரம்பிச்சிடுவாங்க. சொன்னதும் பேசாதீங்க. அழட்டும், மார்ல அடிச்சுக்கட்டும், "அழாதீங்க இது ஆஸ்பத்திரி"ன்னு அதட்ட வேணாம்.

உள்ள பாக்க விடுறதுக்கு முன்னாடி முகத்துல ரத்தம் துடைச்சு, போர்த்தி விடுங்க. எம்.எல்.சி. (போலீஸ் விசாரணைக்குப் போற) கேஸா இருந்தா டியூபெல்லாம் எடுக்கக் கூடாது, காயத்தையும் உடம்பையும் கழுவக் கூடாது, முகத்த துடைக்கலாமான்னும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஏன் டியூப் அப்படியே இருக்குன்னு வாசல்லயே சொல்லிட்டு கூட்டிட்டுப் போங்க.

அடுத்து "பாடி எப்ப கிடைக்கும்?"னு கேப்பாங்க. தெளிவா சொல்லுங்க: ஸ்டேஷனுக்கு தகவல், போலீஸ் விசாரணை, போஸ்ட்மார்ட்டம், அதுக்கப்புறம்தான். கல்யாணமாகி 7 வருஷத்துக்குள்ள இறந்த பெண்ணா இருந்து சாவுல சந்தேகம் இருந்தாலோ தற்கொலையா இருந்தாலோ ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) விசாரணை வரும், கூடுதல் நேரம் ஆகும். 155377 நம்பர கையில எழுதிக் கொடுங்க. மார்ச்சுவரியிலயோ வண்டியிலயோ யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லன்னும் சொல்லிடுங்க, இந்த ஒரு வரிய நிறைய பேரு சொல்லாம விட்டுடுறோம்.

10. ஹேண்ட் ஓவர்லயும் அடுத்த கேஸ்லயும்

அடுத்த ஷிஃப்ட்கிட்ட ஒப்படைக்கும்போது டயக்னோசிஸ், மருந்து, டிரிப்ஸ் கணக்கோட இன்னும் மூணு விஷயம் சேத்து சொல்லுங்க: வீட்டாளுங்களுக்கு என்ன வரைக்கும் சொல்லியிருக்கு, யார் பக்கத்துல வரக்கூடாது, பேஷண்ட்டுக்கு எதுல பயம். இது கை மாறாம போனா புருஷன் இறந்தது இன்னும் தெரியாத பெண்கிட்ட அடுத்த ஷிஃப்ட் ஸ்டாஃப் "கூட வந்தவரு இறந்துட்டாரில்ல, அவர் வயசு என்ன?"ன்னு கேட்டுடுவாங்க. ஒரே விபத்துல ரெண்டு மூணு பேரு வந்தா இத கேஸ் ஷீட்ல எழுதியே வைங்க.

சின்னக் குழந்தை இறந்த கேஸ் பாத்த ஸ்டாஃப உடனே அடுத்த சிவப்பு கேஸுக்கு இழுக்காதீங்க, இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட சொல்லி பத்து நிமிஷம் பச்சைப் பக்கம் மாத்தி விடுங்க, தண்ணி குடிச்சு முகம் கழுவிட்டு வரட்டும். அந்தப் பத்து நிமிஷம் கொடுக்காட்டி அடுத்து வர்ற பேஷண்ட்கிட்ட அவங்க எரிஞ்சு விழுவாங்க, அந்த பேஷண்ட்டுக்கு காரணமே புரியாது. ஆள் பத்தாத நைட் ஷிஃப்ட்ல இது முடியாதுன்னு சொல்வீங்க, அப்ப குறைஞ்சது வென்ஃப்ளான் போடுற வேலையாவது அந்த ஒரு கேஸுக்கு வேற ஆள் எடுத்துக்கட்டும்.